காத்திருக்கும் கட்டளைகள்

கிளிநொச்சி மாவட்டத்திலே, கரைச்சிப் பிரதேசத்தைச் சேர்ந்த அக்கராயன், குளத்தை நம்பி வாழும் ஊர். இத்தகைய ஊரொன்றிலே குளத்தைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவருடைய வேலை எத்தன்மையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் முதலாவது இது, இரண்டாவது இது என்று வரிசைப்படி செய்து முடித்துவிட்டு வீடு திரும்பும் வேலை அன்று அது. நாளின் பெரும்பகுதியில் அவர் செய்வது காத்திருத்தலே. நீர் இன்ன அளவைத் தொட்டால் கீழ்ப்புறத்தாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கட்டிலே கசிவு கண்டால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். சிறுபோகத்துக்கு நீர் விடுவதெனக் கமக்காரர் கூட்டத்திலே தீர்மானமானால் துருசைத் திறக்க வேண்டும். எது முதலில் நிகழும், எந்த நாழிகையில் நிகழும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருப்பது ஒன்றே: இன்னது நிகழ்ந்தால் இன்னது செய்தல் வேண்டும்.

கணினிக்கு எழுதப்படும் கட்டளைகளிலும் இவ்விரு வகை உண்டு. சமையற் குறிப்பைப்போல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நடந்து முடிவன ஒரு வகை. குளக்காவலரைப்போல விழித்திருந்து, நிகழ்ச்சி ஒன்று வந்தவுடன் எழுந்து வேலை செய்து, மீண்டும் காத்திருப்பன மற்றொரு வகை. இரண்டாம் வகைக் கட்டளையை ‘நிகழ்வுக் கையாளி’ என்பர். அக்கையாளி தெளிவாக விளங்கும் இடங்களுள் ஒன்று, இணையத்திலே பலர் கூடிப் பேசும் உரையாடல் அறை. அங்கே பேச்சு எப்போது வரும், எவரிடமிருந்து வரும் என்பதை முன்கூட்டி அறிய இயலாது. ஆதலால் வரிசைக் கட்டளை அவ்விடத்திலே பயன்படாது.

இணைய உரையாடலின் பழைய வடிவங்களுள் இன்றும் உயிருடன் இருப்பது ஐ.ஆர்.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இணைய அஞ்சல் உரையாடல். ‘அஞ்சல்’ என்பது இங்கே தபால் அன்று. பாடசாலை விளையாட்டுப் போட்டியிலே ஒருவர் கைக்கோலை அடுத்தவரிடம் கொடுத்து ஓடும் அஞ்சல் ஓட்டத்தின் அஞ்சல். ஒரு வழங்கி மற்றொரு வழங்கிக்குச் செய்தியைக் கைமாற்றிக் கொடுப்பதாலேயே இப்பெயர். 1988 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் ஜார்க்கோ ஒயிக்காரினென் என்பவர் இதனை உருவாக்கினார். அவரும் டரன் ரீட் என்பவரும் எழுதிய விதிநூல் 1993 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியாயிற்று. 1995 இல் காலிட் மர்டாம் பே வெளியிட்ட எம்.ஐ.ஆர்.சி. என்னும் மென்பொருள், விண்டோஸ் கணினி வைத்திருந்த சாதாரண மக்களையும் இவ்வறைகளுக்கு அழைத்து வந்தது. இவ்வறைகளை ஆங்கிலத்திலே ‘சனல்’ என்பர். அச்சொல்லுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு. வன்னியார் ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் வாய்க்கால் என்றே வைத்திருப்பார் போலும். இங்கே ‘அறை’ என்ற சொல்லே ஆளப்படுகிறது.

அறையிலே ஒருவர் பேசும்போது கணினிக்கு வந்து சேர்வது ஒரே ஒரு வரி. அவ்வரியில் நான்கு செய்திகள் அடங்கியிருக்கும்: அனுப்பியவர் யார், நிகழ்ந்தது யாது, நிகழ்ந்த அறை எது, சொல்லப்பட்ட சொற்கள் யாவை. ஒருவர் அறைக்குள் நுழைதலும் ஒரு நிகழ்ச்சி. வெளியேறுதலும் ஒரு நிகழ்ச்சி. பெயரை மாற்றிக்கொள்ளுதலும், அறையின் தலைப்பு மாற்றப்படுதலும், ஒருவர் வெளியேற்றப்படுதலும் தனித்தனி நிகழ்ச்சிகளே. ஒவ்வொன்றுக்கும் விதிநூலிலே பெயர் உண்டு. கையாளி எழுதுவோர் செய்வது, அப்பெயர்களுள் ஒன்றைச் சுட்டி, அது வரும்போது நடக்க வேண்டியதைக் கூறிவைப்பதே. எம்.ஐ.ஆர்.சி. மென்பொருளில் இத்தகைய ஒவ்வொரு கட்டளையும் ‘ஒன்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும். தமிழ் இலக்கணத்திலே நிபந்தனையை உணர்த்தும் எச்சம், ‘வந்தால்’, ‘நுழைந்தால்’, ‘சொன்னால்’ என்று வினையின் ஈற்றிலே நிற்கும், அங்கே அது முதலிலே நிற்கிறது, வேறுபாடு அவ்வளவே. இக்காலத்தில் வீசட் போன்ற மென்பொருள்களில் பைதன் மொழியிலேயே கையாளி எழுதலாம்.

எவரும் எழுதாமலே ஒவ்வோர் உரையாடல் மென்பொருளிலும் அமைந்திருக்கும் கையாளி ஒன்று உண்டு. வழங்கியானது இடையிடையே ‘பிங்’ என்று கேட்கும். மென்பொருள் ‘பொங்’ என்று விடை சொல்ல வேண்டும். இரவிலே காவற் கொட்டிலிலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, அடுத்த கொட்டிலிலிருப்பவர் பதிற்குரல் கொடுப்பதை ஒத்தது இது. விடை வராவிடின் அக்கணினி இறந்துபட்டதெனக் கொண்டு வழங்கி அதன் தொடர்பை அறுத்துவிடும்.

இனி, இது தமிழருக்கு எவ்வாறு பயன்படும் என்பதைக் காண்போம். 2003 ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்க காலந்தொட்டே பெரும் பங்காற்றியவர். 2017 ஆம் ஆண்டில் அதன் கட்டுரைகளின் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. அக்கலைக்களஞ்சியத்தை எவரும் திருத்தலாம் என்பதே அதன் பலம். அதன் பலவீனமும் அதுவே. நல்லறிஞர் ஒருவர் பகலிலே எழுதியதை, நள்ளிரவில் பொறுப்பற்ற ஒருவர் மாற்றிவிடலாம். இதனைக் கண்காணிப்பதற்கென்று விக்கிமீடியா நிறுவனம் நெடுங்காலமாக ஓர் ஐ.ஆர்.சி. வழங்கியை நடத்தி வந்துள்ளது. ஒவ்வொரு மொழிக் கலைக்களஞ்சியத்துக்கும் அதில் ஓர் அறை. தமிழுக்கும் ஒன்று. அவ்வறையிலே எவரும் பேச இயலாது. கேட்க மாத்திரம் இயலும். ஒரு கட்டுரை திருத்தப்பட்டவுடன், அதன் தலைப்பு, திருத்தியவர் பெயர், கூட்டப்பட்ட அல்லது குறைக்கப்பட்ட அளவு, திருத்தியவர் எழுதிய குறிப்பு ஆகியவற்றைத் தாங்கிய ஒரு வரி அங்கே விழும். அறிவிப்பவர் மனிதர் அல்லர். அதுவும் ஒரு நிரலே. இவ்வேலைக்கே புதிய வேறொரு வழியும் 2017 இல் வந்துவிட்டது. எனினும் கையாளியின் இயல்பு இரண்டிலும் ஒன்றே.

அக்கராயன் மக்கள் 2008 ஆம் ஆண்டுப் போரிலே இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னரே அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது. திரும்பாது வேறிடங்களிலும் வெளிநாடுகளிலும் தங்கிவிட்டோரும் உளர். இத்தகைய ஊரைப் பற்றி எழுதப்படும் நாலு வரியும் வெறும் நாலு வரி அல்ல. வெளிநாட்டிலே பிறந்த பேரப்பிள்ளை, பாட்டனின் ஊர் எது என்று தேடும்போது முதலிலே காண்பது அவ்வரிகளையே. குளத்தின் பெயர் பிழையாக இருந்தால் அப்பிள்ளைக்கு அப்பிழையே ஊராகிவிடும். ஆகையால், அக்கராயனிலே கல்வி பயிலும் மாணவி ஒருத்தி, தன் ஊரின் பெயர் வரும் எக்கட்டுரை திருத்தப்பட்டாலும் தனக்கு உடனே தெரிய வேண்டும் என விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எழுத வேண்டிய கையாளி பார்வைக்கு எளியதே:

அறையில் ஒரு வரி வந்தால்,
அவ்வரியில் ‘அக்கராயன்’ என்னும் சொல் இருந்தால்,
அவ்வரியை எனக்குத் தனிச் செய்தியாக அனுப்புக;
இல்லையேல் வாளாவிருக்க.

இதனைக் கணினி மொழியிலே எழுதுவதற்குப் பத்து வரிகூட வேண்டியதில்லை. எழுதியபின், ‘அக்கராயனில் உள்ள பாடசாலைகள்’ என்னும் தலைப்பிலே ஒரு கட்டுரை திருத்தப்படுகிறது என்க. கையாளி வாய் திறவாது. மாணவி திகைப்பாள், கட்டளையை மீண்டும் மீண்டும் படித்துப் பார்ப்பாள், அதிலே பிழை ஒன்றும் காணமாட்டாள். பிழை கணினி இலக்கணத்தில் இல்லை. தமிழ் இலக்கணத்தை மறந்ததிலே உள்ளது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பதும், உயிர் வந்து ஏறியவிடத்துப் புள்ளி நீங்கும் என்பதும் தொல்காப்பியக் காலந்தொட்டு நாம் அறிந்தவை. ‘அக்கராயன்’ என்பதன் ஈற்று னகர ஒற்றின்மேல் ‘இல்’ உருபின் இகரம் ஏற, ‘அக்கராயனில்’ ஆகிறது. கண்ணுக்கு இது இயல்பு. ஆனால் கணினியிலே தமிழைச் சேமிக்கும் யுனிக்கோட் முறை இலக்கணத்துக்கு ஒருவாறு மறுதலையானது. இலக்கணத்திலே ‘ன்’ முதல். அதன்மேல் அகரம் ஏற ‘ன’ பிறக்கும். யுனிக்கோட்டிலோ அகரமேறிய ‘ன’ முதல். புள்ளி அதன்பின் வரும் தனிக்குறி. இலக்கண ஆசிரியருக்கு ‘அக்கராயன்’ ஆறு எழுத்து. கணினிக்கு அது ஒன்பது குறி: அகரம், ககரம், புள்ளி, ககரம், ரகரம், கால், யகரம், னகரம், புள்ளி. அக்கடைசிப் புள்ளி ‘அக்கராயனில்’ என்பதிலே இல்லை. அவ்விடத்தில் இகரக் குறி நிற்கிறது. புள்ளியோடு கூடிய சொல்லைத் தேடச் சொன்னால் கணினி புள்ளியையும் தேடும். கிடைக்காவிடின் ‘இல்லை’ என்றே சொல்லும். அதன்மேல் குற்றம் சாட்டுதல் முறையன்று.

இதற்கு மருந்து எளிது: ஈற்றுப் புள்ளியை நீக்கி ‘அக்கராயன’ என்று தேடினால் அக்கராயன், அக்கராயனில், அக்கராயனை, அக்கராயனுக்கு யாவும் அகப்படும். ஆனால் இம்மருந்தை எல்லா நோய்க்கும் கொடுத்தலாகாது. மாணவி அடுத்து ‘குளம்’ என்ற சொல்லையும் கவனிக்க விரும்புகிறாள் என்க. மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெற்று ‘குளத்தில்’, ‘குளத்தை’ என வரும். தொகையிலே ‘குளக்கட்டு’ எனவும் வரும். இவை யாவற்றுக்கும் பொதுவாய் எஞ்சுவது ‘குள’ என்பதே. அதனைத் தேடச் சொன்னால், ‘குளிர்’ பற்றிய கட்டுரையும் ‘குளவி’ பற்றிய கட்டுரையும் வந்து குவியும். ‘குளி’ என்பதிலே ‘குள’ இருக்கிறதா என்று தமிழாசிரியரைக் கேட்டால் இல்லை என்பார். கணினியைக் கேட்டால் உண்டு என்னும். அதற்கு ‘ளி’ என்பது ளகரமும் இகரக் குறியுமே. ஆகவே ‘குளம்’, ‘குளத்’, ‘குளக்’ என்று புணர்ச்சியிலே வரக்கூடிய வடிவங்களை எண்ணி எழுத வேண்டியிருக்கிறது. பாடசாலையிலே புணர்ச்சி இலக்கணம் எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவருக்கு இங்கே ஒரு விடை கிடைக்கிறது. ஆசிரியர்கள் எதிர்பார்த்த விடை அதுவாக இராது.

இன்னொரு பொறி ஊரின் பெயரிலன்று, மாவட்டத்தின் பெயரிலேயே உள்ளது. ‘கிளிநொச்சி’ என்பதில் வரும் ‘நொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கொம்பும் காலும் சேர்ந்த அந்த ஒகரக் குறியை யுனிக்கோட்டிலே இரு வகையாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையிலே இரண்டும் ஒன்றே, அச்சிலும் ஒன்றே. ஆனால் ஒரு வகையில் கிளிநொச்சி பத்துக் குறி. மற்ற வகையில் பதினொரு குறி. ஒருவருடைய தட்டச்சு மென்பொருள் ஒரு வகையாகவும், கையாளி எழுதியவருடையது மறுவகையாகவும் அமைந்துவிட்டால், கண் முன்னே கிளிநொச்சி நிற்க, கையாளி அதனைக் காணாது போகும். இவ்விரு வகையும் பொருளால் ஒன்றே என்று யுனிக்கோட் விதியே கூறுகிறது. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் ‘இயல்பாக்கம்’ என்னும் முறையையும் அதுவே வகுத்திருக்கிறது. வந்த வரியையும் தேடும் சொல்லையும் முதலில் இயல்பாக்கி, பின்னரே ஒப்பிடுதல் வேண்டும்.

பைதன் மொழியிலே சொற்களைப் பிரித்தெடுப்பதற்கு ஒரு சுருக்கக் குறி உண்டு. ஆங்கிலத்துக்கு அது செவ்வையாய் வேலை செய்யும். தமிழுக்கு அதனைக் கையாண்டால், புள்ளியையும் காலையும் எழுத்தல்லாதன என்று தள்ளிவிடும். ‘அக்கராயன்’ என்னும் ஒரு சொல் ‘அக’, ‘கர’, ‘யன’ என்று மூன்று துண்டாகும்! அறியாது செய்தவர் அதன் விளைவைக் கண்டு கணினியைத் திட்டுவதைவிட, இடைவெளியை எல்லையாகக் கொண்டு சொற்களைப் பிரித்தல் நன்று.

விதிநூல் பிறந்த நாட்டின் சாயலும் அதிலே படிந்திருக்கிறது. பழைய பின்லாந்துக் கணினிகளில் அந்நாட்டு மொழிக்குரிய சில எழுத்துக்கள், சதுர அடைப்புக்குறி முதலியவற்றுக்குரிய இடங்களிலே வைக்கப்பட்டிருந்தன. அதனால் சதுர அடைப்பைப் பெரிய எழுத்தென்றும், நெளி அடைப்பை அதன் சிறிய எழுத்தென்றும் ஐ.ஆர்.சி. விதிநூல் கொள்கிறது. அவர்கள் தங்கள் மொழியின் தேவையை விதியிலேயே எழுதிவிட்டார்கள். தமிழுக்கு அந்த வாய்ப்பு அன்று இருக்கவில்லை. விதிநூலின்படி ஒருவருடைய புனைபெயர் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் ஆகியவற்றாலேயே அமைய வேண்டும். அதுவும் ஒன்பது குறிக்கு மேற்படலாகாது. அறையின் பெயருக்கோ அத்தகைய தடை இல்லை. #அக்கராயன் என்று அறை தொடங்க விதி இடங்கொடுக்கிறது. ஊர் தமிழிலே இருக்கலாம், அதற்குள் நுழைபவர் பெயர் தமிழிலே இருக்கலாகாது என்பது வேடிக்கைதான்.

எல்லாவற்றினும் ஆபத்தானது செய்தியின் நீளம் பற்றிய விதி. ஒரு வரி, அதன் முடிவுக்குறி இரண்டையும் சேர்த்து, 512 பைற்றுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைற்று போதும். வழக்கிலுள்ள யு.ரி.எப். 8 முறையிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைற்று வேண்டும். ‘அக்கராயன்’ என்னும் ஒரு பெயருக்கே 27 பைற்று. அனுப்புநர் பெயர், அறையின் பெயர் முதலிய முகப்புக்கு 90 பைற்றுப் போயிற்று என்று கொண்டால், எஞ்சிய 420 பைற்றிலே 140 குறியே அடங்கும். அதிலே புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் பங்கு போக, எழுத்தாக எண்ணினால் நூற்றுக்கும் குறைவே மிஞ்சும். மேற்பட்டது வெட்டுண்டு போகும். வெட்டு ஒரு குறியின் நடுவே விழுந்தால் அக்குறி சிதைந்து, வெற்றுக் கட்டமாகவோ வினாக்குறியாகவோ தோன்றும். அது கெட்டதென்பதாவது பார்ப்பவருக்குத் தெரியும். வெட்டு இரு சொற்களுக்கிடையே விழுந்தால், எதுவும் கெட்டதாகத் தோன்றாது. அதுவே கொடிது.

தமிழில் எதிர்மறை வாக்கியத்தின் இறுதியிலே வருவது. ‘இல்லை’ என்பதும் ‘அன்று’ என்பதும் கடைசிச் சொற்களாய் நிற்கும். மாரிமழைக் காலத்திலே, நீண்டதொரு செய்தியின் முடிவிலே, ‘குளக்கட்டு உடைந்துவிட்டதாகப் பரவும் செய்தி உண்மையன்று’ என்று ஒருவர் எழுதி, அதனைக் கையாளி பல அறைகளுக்கு அஞ்சல் செய்கிறது என்க. இறுதியிலே மூன்று எழுத்து வெட்டுண்டால் எஞ்சுவது: ‘குளக்கட்டு உடைந்துவிட்டதாகப் பரவும் செய்தி உண்மை’. எழுத்துப் பிழை இல்லை. இலக்கணப் பிழை இல்லை. வாக்கியம் முற்றுப்பெற்றே நிற்கிறது. பொருள் மாத்திரம் தலைகீழாகிவிட்டது. 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் தாக்கியதை அறிந்தவர்கள், அத்தகைய இரவொன்றிலே இவ்வொரு வரி என்ன செய்யும் என்பதை அறிவர்.

ஆகையால், தமிழ்ச் செய்தியை மறுபடி அனுப்பும் கையாளி, எழுத்தை எண்ணாது பைற்றையே எண்ண வேண்டும். எல்லை நெருங்கினால் இடைவெளியிலே பிரித்து, எஞ்சியதை அடுத்த வரியாக அனுப்ப வேண்டும். ‘தொடரும்’ என்பதற்கு ஒரு குறியை முதல் வரியின் ஈற்றில் இடுதல் நன்று. எழுதுவோருக்கும் இதிலே கடமை உண்டு. ‘வதந்தி:’ என்னும் சொல்லை வாக்கியத்தின் தலையிலே வைத்துத் தொடங்கினால், வால் எங்கே வெட்டுண்டாலும் தலை பிழைத்துக்கொள்ளும்.

விக்கிப்பீடியா அறையிலிருந்து வரும் வரியிலே மேலுமொரு சிறு சிக்கல் உண்டு. தலைப்பு ஒரு நிறம், திருத்தியவர் பெயர் ஒரு நிறம் என்று வேறுபடுத்திக் காட்டுவதற்காக, கண்ணுக்குத் தெரியாத நிறக்குறிகளும் எண்களும் அவ்வரியிலே ஊடுருவிக் கிடக்கும். தலைப்பின் தொடக்கத்தைக் கையாளி தேடும்போது அவ்வெண்கள் இடையூறு செய்யும். முதலிலே அவற்றைக் களைந்துவிட்டால் தீர்ந்தது.

இதுவரை கேட்கும் கையாளியைப் பற்றிச் சொல்லப்பட்டது. பேசும் கையாளிக்கு ஒழுக்கமும் வேண்டும். ‘எவர் வணக்கம் சொன்னாலும் பதில் வணக்கம் சொல்லுக’ என்று ஒருவர் எழுதி வைக்கிறார். அதே அறையிலே இன்னொருவரும் அவ்வாறே எழுதி வைக்கிறார். மனிதர் ஒருவர் வந்து ஒருமுறை வணக்கம் சொல்லிவிட்டால் போதும், இரண்டு கையாளிகளும் ஒன்றுக்கொன்று வணங்கிக்கொண்டே இருக்கும், நிறுத்துவார் இல்லை. இந்நிலையை முன்னறிந்தே விதிநூல் செய்திகளை இரு வகையாகப் பிரித்திருக்கிறது: ஒன்று சாதாரணப் பேச்சு, மற்றது அறிவிப்பு. அறிவிப்பாக வந்த ஒன்றுக்குத் தானியங்கி எதுவும் ஒருபோதும் விடையளிக்கலாகாது என்பது விதி. தானியங்கிகள் யாவும் அறிவிப்பாகவே பேசினால் இச்சுழல் தோன்றாது. நல்விதி, ஆயினும் இதனை மதியாது எழுதப்பட்ட கையாளிகளே ஏராளம்.

விதியை மீறுவோருக்கென்று வழங்கியிலே ஒரு கடிவாளமும் உண்டு. விதிநூல் வகுத்த முறைப்படி, அனுப்பப்படும் ஒவ்வொரு செய்திக்கும் அனுப்புநர் கணக்கிலே இரண்டு விநாடி ஏற்றப்படும். அக்கணக்கு நடப்பு நேரத்தைவிடப் பத்து விநாடி முந்திவிட்டால், அதன்பின் வரும் செய்திகள் காத்துக்கிடக்க வேண்டியவையே. சுருங்கச் சொன்னால், ஐந்து வரியளவு ஒரே மூச்சிலே பேசலாம். பின்னர் இரண்டு விநாடிக்கு ஒரு வரி. இதனையும் பொருட்படுத்தாது கொட்டிக்கொண்டிருப்பவரின் தொடர்பை வழங்கிகள் அறுத்துவிடுவதும் உண்டு. ஆகவே மாணவியின் கையாளி, ஒரே கட்டுரையிலே ஒருவர் பத்துத் திருத்தம் செய்தால் பத்து வரி அனுப்பாது, சிறிது பொறுத்து ‘பத்துத் திருத்தம்’ என ஒரே வரியாகச் சொல்வது உத்தமம்.

கையாளி எழுதத் தொடங்கும் இளைஞர்களுக்குக் கட்டாயம் சொல்லப்பட வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1997 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே எம்.ஐ.ஆர்.சி. பயன்படுத்தியோரிடையே ஒரு தொற்றுநோய் பரவியது. அது ‘ஸ்கிரிப்ட்’ என்னும் பெயருடைய ஒரு சிறு கோப்பு. அக்காலத்து எம்.ஐ.ஆர்.சி. அப்பெயருடைய கோப்பைத் தன் சொந்த உறையிலே கண்டால், அதிலுள்ள கையாளிகளைத் தானே ஏற்று நடத்தும். பிறர் அனுப்பும் கோப்புக்களையும் அதே உறையிலேயே சேமிக்கும். கேள்வி கேளாமலே கோப்பைப் பெற்றுக்கொள்ளும்படி பலர் அமைத்தும் வைத்திருந்தனர். இம்மூன்றும் சேர்ந்ததே கேடு. வந்து சேர்ந்த கோப்பின் உள்ளே இருந்த கையாளி மிக எளியது: அறைக்குள் எவர் நுழைந்தாலும் அவருக்கு இக்கோப்பை அனுப்புக. வரவேற்பு வாசகம் எழுதுவதற்காக அமைந்த அதே ‘நுழைந்தால்’ என்னும் நிகழ்ச்சிதான் அங்கே நோயைப் பரப்பியது. இதன்பின் அம்மென்பொருளின் அமைப்புத் திருத்தப்பட்டது.

அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தால், கையாளி எழுதுவோர் மறக்கலாகாத ஒன்று புலப்படும். வெளியிலிருந்து வருவது செய்தி. உள்ளே நம்மவர் எழுதி வைத்தது கட்டளை. இரண்டையும் பிரிக்கும் வேலி என்றும் நிற்க வேண்டும். அறையிலே ஒருவர் எழுதிய சொற்களை எடுத்து, அவற்றையே கட்டளையாக நிறைவேற்றும்படி கையாளி எழுதுவது, வீதியிலே போகும் எவரும் துருசின் சாவியை எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவதற்கு ஒப்பாகும். புனைபெயரை நம்பி அதிகாரம் கொடுத்தலும் அத்தகையதே, ஐ.ஆர்.சி. விதிநூலின்படி புனைபெயருக்கு நிலையான உரிமையாளர் இல்லை. ஒருவர் வெளியேறிய மறுகணம் அதே பெயரை வேறொருவர் சூடிக்கொள்ளலாம். இக்குறையைத் தீர்க்கவே பல வலையமைப்புகள் பெயரைப் பதிவு செய்து கடவுச்சொல்லால் காக்கும் சேவையைப் பின்னர் ஏற்படுத்தின.

இவ்வளவும் செய்தபின் மாணவியின் கையாளியால் எதனைச் செய்ய இயலும்? ஊரின் பெயர் தோன்றும் கட்டுரை மாறியது என்று அவளுக்கு உரைக்க இயலும். அம்மாற்றம் சரியா, பிழையா என்று சொல்ல இயலாது. அதற்கு அவள் ஊரிலுள்ள முதியோரிடம் போய்க் கேட்க வேண்டும். குளம் திருத்தப்பட்ட காலத்தை அறிந்தவரையும், பாடசாலை கூரையின்றி நடந்த நாட்களைக் கண்டவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். எழுத்திலே சான்று உண்டா என்று பார்க்க வேண்டும். கையாளி தட்டி எழுப்பும். எழுந்து போக வேண்டியவள் அவளே.

பொது அறையிலே விடுமுன், தான் ஒருத்தி மாத்திரமே இருக்கும் அறையொன்றைத் தொடங்கிச் சோதித்துப் பார்த்தல் வழக்கம். அங்கே அவள் தன் கையாலேயே சில வரிகளைத் தட்டச்சுச் செய்து பார்க்கலாம். ‘அக்கராயனுக்கு’ என்று ஒருமுறை. ‘குளிர்காலம்’ என்று ஒருமுறை, கையாளி வாளாவிருக்கிறதா என்று காண. கிளிநொச்சியை ஒரே ஒகரக் குறியால் ஒருமுறையும், கொம்பும் காலுமாக ஒருமுறையும். அதன்பின், இரு நூறு எழுத்துக்கு மேற்பட்டதாய், ‘இல்லை’ என்று முடியும் ஒரு நீண்ட வாக்கியம். அந்த ‘இல்லை’ அறையின் மறுபுறத்திலே வந்து விழுகிறதா என்பதை, இன்னொரு கணினியிலிருந்து அவளே பார்த்துக்கொள்ள வேண்டும்.